கேளுங்கள், சொல்கிறேன்: உழுத வயலும் உடைந்த ஊசியும்

போன இதழில், குதிரை முகம் வைத்த ஒரு புரோச் துண்டைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். உடையில் குத்திக்கொள்ளும் ஓர் அலங்கார ஊசிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த மாதப் பதில்கள் எல்லாம் அதைச் சுற்றித்தான்.

புதிதாக வாசிப்பவர்களுக்கு: நான் தொல்லியல் படித்தவள் இல்லை. கிழக்கு இங்கிலாந்தில் இருபத்தாறு வருடம் மருந்தாளுநராக வேலை பார்த்தவள். ஓய்வு பெற்ற பிறகு, செவ்வாய்க்கிழமைதோறும் ஓர் அருங்காட்சியகத்தின் பின்னறையில் உட்கார்ந்து, மெட்டல் டிடெக்டரோடு வயல் வயலாக நடப்பவர்கள் கொண்டுவந்து கொட்டும் சாமான்களை எடைபோட்டு, அளந்து, படமெடுத்து, கணினியில் ஏற்றுகிறேன். சம்பளம் கிடையாது. டீயும் பிஸ்கட்டும் உண்டு.

கேள்வி: என் மகள் வரலாறு படிக்கிறாள். கி.பி. 400 முதல் 600 வரை பிரிட்டனில் நடந்ததற்கு எழுத்துச் சான்று அநேகமாக இல்லை என்கிறாள். கண்டெடுத்த பொருட்களின் பதிவேட்டை வைத்துக் கட்டுரை எழுத முடியுமா? எங்கே தொடங்குவது? (ஒரு தாய், க்ராய்டன்)

முடியும். மகள் சொல்வதும் சரிதான். ஆறாம் நூற்றாண்டில் கில்டாஸ் என்ற துறவி எழுதியது இருக்கிறது. ஆனால் அது வரலாறு அல்ல, ஊரைத் திட்டும் பிரசங்கம். ஆண்டுக் கணக்கு தேடினால் ஏமாற்றம்தான். பீட் என்ற துறவி தன் நூலை முடித்தது 731இல். ரோமானியருக்குப் பின் கடல் கடந்து வந்து குடியேறிய ஆங்கிலோ-சாக்சன் மக்களின் ஆண்டுக் குறிப்புகளான ‘ஆங்கிலோ-சாக்சன் குறிப்பேடு’ தொகுக்கப்பட்டது ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசியில். அதாவது சம்பவம் நடந்து பல தலைமுறைக்குப் பிறகு எழுதியவை. நடுவில் இருக்கும் பள்ளத்தை நிரப்ப மண்தான் கதி.

பதிவேட்டின் பெயர் போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம், சுருக்கமாகப் பி.ஏ.எஸ். 1997இல் சில மாவட்டங்களில் வெள்ளோட்டமாக ஆரம்பித்து, 2003இல் இங்கிலாந்து, வேல்ஸ் முழுமைக்கும் விரிந்தது. இங்கிலாந்தில் பிரிட்டிஷ் மியூசியமும் வேல்ஸில் அந்நாட்டுத் தேசிய அருங்காட்சியகமும் நடத்துகின்றன. மாவட்டத்துக்கு ஒருவர் என்ற கணக்கில் தொடர்பு அலுவலர்கள் இருக்கிறார்கள், ‘எஃப்.எல்.ஓ.’ என்போம். என் செவ்வாய்க்கிழமை மேலதிகாரியும் அவர்களில் ஒருவர்தான். இதுவரை பதிவானவை 15 லட்சத்துக்கும் மேல். வீட்டிலிருந்தே இலவசமாகத் தேடலாம்.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. அதில் ‘தொடக்க இடைக்காலம்’ என்று ஒரு கட்டம் வரும். அதைத் தட்டினால் 410 முதல் 1066 வரை அத்தனையும் வந்து விழும். ரோமானியர் போன மறுநாளும் நார்மன் வந்த நாளும் ஒரே கூடையில்! ஆகவே காலத்தைத் தனியாக எண்ணில் கொடுத்துச் சுருக்க வேண்டும். அப்புறம், ‘ஆங்கிலோ-சாக்சன் இங்கிலாந்து’ என்று பெரிதாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் மூழ்கிப் போவாள். ஒரு வகைப் பொருள், ஒரு மாவட்டம், நூறு வருடம். அது போதும்.

எந்தப் பொருள் என்றால், காசு வேண்டாம். கி.பி. 402ஐ ஒட்டி ரோமானியக் காசு பிரிட்டனுக்கு வந்து சேருவது ஏறக்குறைய நின்றுவிட்டது. கையில் இருந்த வெள்ளிக் காசின் ஓரத்தைக் கத்தரித்துக் கத்தரித்துப் புழங்கினார்கள். அந்த நறுக்கின காசே ஒரு சாட்சிதான். 1992இல் சஃபோக் மாவட்டத்தில் ஹாக்ஸ்னி என்ற ஊரில், ஒரு விவசாயி வயலில் தொலைத்த சுத்தியலைத் தேடப் போன நண்பருக்குச் சுமார் 15,000 ரோமானியக் காசுகள் கிடைத்தன. வெள்ளிக் காசுகளில் மிகப் பெரும்பாலானவை ஓரம் போனவை. (சுத்தியலும் கிடைத்தது. அதுவும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.) காசு நின்ற பிறகு காலத்தைக் காட்டுவது புரோச்தான். அதிலும் சிலுவை வடிவ புரோச் நல்ல தேர்வு. ஐந்து, ஆறாம் நூற்றாண்டுகளில் கிழக்கு இங்கிலாந்துப் பெண்கள் அணிந்தது. கீழ்நுனியில் ஒரு குதிரை முகம் இருக்கும். முழுசாகக் கிடைப்பது அபூர்வம்; கலப்பை உடைத்துப்போட்ட குதிரை முகம் மட்டும் என் மேசைக்கு வரும். மூக்குத் துவாரம் எப்படி விரிந்திருக்கிறது, தலைத்தட்டின் குமிழ் எப்படி இருக்கிறது என்று பார்த்து முந்தியதா பிந்தியதா என்று சொல்கிறார்கள். மகளை அதில் இறங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வரைபடத்தில் பார்த்தேன். நார்ஃபோக், சஃபோக், லிங்கன்ஷயர் பக்கம் அம்மை போட்டது மாதிரி ஒரே புள்ளி. மேற்கே கார்ன்வால், வேல்ஸ் பக்கம் வெறிச்சோடிக் கிடக்கிறது. மேற்கே ஆளே இல்லையா? (ரெடிங்கிலிருந்து ஒரு வாசகர்)

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு ஒரு டீ வாங்கித் தர வேண்டும். பதிவேட்டைத் திறந்தவுடன் எல்லோரும் விழும் குழி இது. நானும் விழுந்தேன்.

அந்தப் புள்ளிகள் பழங்காலத்து மனிதர் வாழ்ந்த இடம் மட்டும் அல்ல. இன்றைய மனிதர் டிடெக்டரோடு நடந்த இடமும்தான். பதிவாகும் பொருட்களில் பெரும்பகுதியைக் கொண்டுவருபவர்கள் டிடெக்டர்காரர்கள். அவர்கள் எங்கே நடப்பார்கள்? உழுத வயலில். அறுவடை முடிந்து, அடுத்த விதைப்புக்கு முன்னால், நில உரிமையாளர் ‘சரி, போ’ என்று சொன்ன வயலில். கிழக்கு இங்கிலாந்து முழுக்க உழவு நிலம். வேல்ஸிலும் வடக்கு மலைகளிலும் செம்மறியாடு மேயும் புல்தரை. புல்தரையைக் கலப்பை கீறாது. கீறாத மண்ணிலிருந்து பொருள் மேலே வராது. காடு, நகரம், ராணுவப் பயிற்சி நிலம் எதிலும் நடக்க முடியாது. சட்டப்படி பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதியில்லாமல் டிடெக்டர் பிடித்தாலே குற்றம். ஆக, மிக முக்கியமான கோட்டைக்குள் ஒரு புள்ளியும் இருக்காது. அதன் வேலிக்கு வெளியே பத்துப் புள்ளி இருக்கும்.

நார்ஃபோக்குக்கு இன்னொரு காரணமும் உண்டு. மற்ற ஊர்களில் தொல்லியலாளர்கள் டிடெக்டர்காரர்களைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்ட 1970களிலேயே, நார்ஃபோக் அருங்காட்சியகக்காரர்கள் ‘வாங்க, உட்காருங்க, என்ன கிடைத்தது?’ என்று கேட்க ஆரம்பித்தார்கள். 1980இல் டிடெக்டருக்கு எதிராகப் பெரிய பிரசாரமே நடந்தது. அப்போதும் நார்ஃபோக்கில் அந்த உறவு நின்றது. அரை நூற்றாண்டு நட்பின் பலனும் அந்தப் புள்ளிகளில் சேர்ந்திருக்கிறது.

இதோடு போகவில்லை. பெரும்பாலானவர்கள் இரும்புச் சத்தத்தைக் கேட்காதபடி கருவியை அமைத்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் ஆணிக்கும் லாடத்துக்கும் தோண்டித் தோண்டி முதுகு போய்விடும். அதனால் இரும்புக் கத்தி பதிவில் குறைவு. மண்பாண்டத்துக்குக் கருவி சத்தமே போடாது. கார்ன்வாலில் டின்டாஜெல் பாறைமுனையில் ஐந்து, ஆறாம் நூற்றாண்டில் மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்த ஜாடிகளின் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. அங்கே ஆள் இருந்தார்கள், வசதியாகவே இருந்தார்கள். ஆனால் கிழக்கத்திப் பெண்கள் போல வெண்கல புரோச்சைக் குத்திக்கொண்டு வயலில் தொலைக்கவில்லை. அதனால் நம் வரைபடத்தில் மேற்கே வெறுமை.

அப்படியானால் வரைபடமே வீணா? இல்லை. ஒரு வழி சொல்கிறேன். உங்களுக்கு வேண்டிய காலத்தை மட்டும் பார்க்காமல், அதே இடத்தில் எல்லாக் காலத்துப் பொருளையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு, ஓர் ஊரில் ரோமானியப் பொருள் 200, பிற்கால இடைக்காலப் பொருள் 80, தொடக்க ஆங்கிலோ-சாக்சன் பொருள் பூஜ்யம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஆட்கள் நன்றாகத் தேடியிருக்கிறார்கள், தேடியும் கிடைக்கவில்லை. அந்தப் பூஜ்யத்துக்கு அர்த்தம் உண்டு. பக்கத்து ஊரில் மொத்தமே மூன்று பொருள், அதிலும் சாக்சன் பூஜ்யம். அந்தப் பூஜ்யம் வெறும் மௌனம். இரண்டையும் ஒன்றாக எண்ணிக் கட்டுரை எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையில் சுழிப்பார்.

கேள்வி: வைக்கிங் என்றால் கப்பலில் வந்து கொள்ளையடித்துப் போன ஆண்கள். பெண்களும் வந்தார்களா? (ஒரு வாசகி, ஈஸ்ட் ஹாம்)

நெடுங்காலம் ‘அதிகம் இல்லை’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தோண்டிய கல்லறைகளில், வைக்கிங்குகளின் சொந்த நிலமான ஸ்காண்டிநேவியாவின் பெண்கள் அணியும் நகை கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தது. டிடெக்டர் பதிவுகள் குவிய ஆரம்பித்த பிறகு கணக்கு மாறிவிட்டது. கிழக்கு இங்கிலாந்தில் மட்டும் நூற்றுக்கணக்கான ஸ்காண்டிநேவிய பாணி புரோச்சுகளும் பதக்கங்களும் வந்திருக்கின்றன. விலை உயர்ந்தவை இல்லை. அன்றாடம் போட்டுக்கொண்டு மாட்டுத் தொழுவத்துக்குப் போகிற வகை.

பின்பக்கம்தான் சுவாரசியம். ஆங்கிலோ-சாக்சன் புரோச் பெரும்பாலும் தட்டையாக இருக்கும். ஸ்காண்டிநேவியாவில் செய்த வட்ட புரோச் பலவற்றில் முன்பக்கம் புடைத்து, பின்பக்கம் ஊசி மாட்டும் கொக்கியோடு, சங்கிலி தொங்கவிட ஒரு சிறு வளையமும் இருக்கும். முன்பக்க வேலைப்பாட்டைப் பார்த்துக் காப்பியடிக்கலாம். பின்பக்கக் கொக்கி ஒருத்தி எந்த ஊர் வழக்கப்படி உடுத்தினாள் என்பதைக் காட்டும். எங்கள் மேசையில் எந்த புரோச் வந்தாலும் முதலில் கவிழ்த்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தது இதனால்தான்.

பாணி வந்ததா, பெண்ணே வந்தாளா என்று வாதம் செய்யலாம். இத்தனை சாதாரண நகை இத்தனை வயல்களில் கிடக்கும்போது, அதை அணிந்தவர்களில் ஒரு பகுதியினராவது கடல் கடந்து வந்தவர்கள் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஆர்தர் மன்னனின் பொருள் ஏதாவது பதிவேட்டில் உண்டா? (எட்டாம் வகுப்பு மாணவன், லூட்டன்)

இல்லை, தம்பி. பெயர் பொறித்த காசு இருந்தால் ராஜாவைப் பிடிக்கலாம். அவர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்தில் இங்கே காசே அடிக்கவில்லை.

கேள்வி: தங்கம் வெள்ளி சரி. உடைந்த ஈயத் துண்டையெல்லாம் எதற்குப் பதிவு செய்கிறீர்கள்? வேலை இல்லையா? (லெஸ்டர் வாசகர் ஒருவர், கொஞ்சம் கோபமாக)

வேலை நிறைய இருக்கிறது ஐயா, அதனால்தான் 1700க்குப் பிந்தியவற்றைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். ஆனால் ஈயத்தை விடமாட்டோம். காரணம் டார்க்சி.

லிங்கன்ஷயரில் ட்ரென்ட் ஆற்றங்கரை ஊர் அது. 872-73 குளிர்காலத்தை வைக்கிங் பெரும்படை டார்க்சியில் கழித்தது என்று ஆங்கிலோ-சாக்சன் குறிப்பேடு ஒரே வரியில் சொல்கிறது. எந்த இடம், எத்தனை பேர், என்ன செய்தார்கள், ஒன்றும் இல்லை. ஊருக்கு வடக்கே உள்ள வயல்களில் டிடெக்டர்காரர்கள் பல வருடம் நடந்து பொறுக்கியதைப் பதிவு செய்துகொண்டே வந்தார்கள். துண்டு போட்ட அரேபிய வெள்ளிக் காசு, வெட்டிய வெள்ளித் துண்டு, எடைக்கற்கள், அப்புறம் கூம்பு மாதிரி சின்னச் சின்ன ஈயத் துண்டுகள். தனியாகப் பார்த்தால் அந்த ஈயம் மீன் வலைக் குண்டு போலத்தான் தெரியும். 300க்கு மேல் சேர்ந்தபோது புரிந்தது: அவை பலகை விளையாட்டுக் காய்கள். ஆடுபுலி ஆட்டம் மாதிரி ஏதோ ஒன்றை, குளிரில் வேலையில்லாத படை வீரர்கள் உட்கார்ந்து ஆடியிருக்கிறார்கள். யார்க், ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தார் அந்தப் புள்ளிகளை வைத்து நிலத்தை ஆராய்ந்து, முகாம் சுமார் 55 ஹெக்டேர் பரந்திருந்ததாகக் காட்டினார்கள். நூற்றுக்கணக்கில் இல்லை, ஆயிரக்கணக்கில் ஆட்கள் தங்கிய இடம். வெள்ளியை உருக்கி, வெட்டி, நிறுத்து, வியாபாரம் செய்த இடம்.

இப்போது ஈயக் காயும் எடைக்கல்லும் அரேபியக் காசும் சேர்ந்து ஒரே வயலில் வந்தால் ‘படை இங்கே தங்கியதோ?’ என்று உடனே கேட்கிறார்கள். யார்க்குக்கு வடக்கே ஆற்றங்கரையில் ஆல்ட்வார்க் பக்கம் இன்னொரு முகாமை அடையாளம் கண்டதும் இதே சாமான் கூட்டத்தை வைத்துத்தான். குறிப்பேட்டில் அந்த முகாமைப் பற்றி அரை வரிகூட இல்லை.

கேள்வி: பொருள் கிடைத்த சரியான இடத்தை ஏன் பொதுமக்களுக்குக் காட்டுவதில்லை? அரசாங்கம் எதையோ மறைக்கிறதா? (மில்டன் கீன்ஸ் வாசகர்)

மறைக்கிறது, ஆமாம். திருடர்களிடமிருந்து. ராத்திரியில் டார்ச்சும் டிடெக்டருமாக அடுத்தவர் வயலில் இறங்குபவர்களை இங்கே ‘நைட்ஹாக்’ என்பார்கள். பொதுவில் உங்களுக்குத் தெரிவது அதிகபட்சம் ஒரு கிலோமீட்டர் சதுரம். சில பொருட்களுக்கு அதுவும் இல்லை, ஊர்ப்பெயரோடு சரி. எங்கள் பதிவில் பத்து மீட்டர் வரை இருக்கும். உண்மையான ஆராய்ச்சி என்று காரணம் எழுதி விண்ணப்பித்தால் அந்த அளவு விவரம் தருவார்கள்.

திருட்டே ஒரு கண்டுபிடிப்புக்கு வழிவிட்ட கதையும் உண்டு. சஃபோக்கில் ரெண்டில்ஷம் என்ற கிராமம். ஏழாம் நூற்றாண்டில் ஒரு சாக்சன் ராஜா அந்த ‘அரச ஊரில்’ ஞானஸ்நானம் பெற்றதாக பீட் போகிற போக்கில் எழுதியிருக்கிறார். கப்பல் புதையல் கிடைத்த சட்டன் ஹூ அங்கிருந்து சில மைல்தான். ஆனால் அரண்மனை எங்கே என்று யாருக்கும் தெரியாது. தன் வயலில் ராத்திரி ராத்திரி குழி விழுவதைப் பார்த்து நில உரிமையாளர் மாவட்டத் தொல்லியல் துறையிடம் முறையிட, 2008இல் நான்கு நம்பகமான டிடெக்டர்காரர்களை வைத்து ஒழுங்காகத் தேட ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் இடம் குறித்து, வருடக் கணக்கில். தங்கக் காசு, கார்னெட் என்ற சிவப்புக் கல் பதித்த நகைத் துண்டு, வார்ப்பில் பாதியில் கெட்டுப்போன உலோகம் எல்லாம் சுமார் 50 ஹெக்டேரில் பரவிக் கிடந்தன. கடைசியில் 2022இல் தோண்டியபோது, 23 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள மர மண்டபம் ஒன்றின் அடித்தடம் வந்தது. பீட்டின் ஒரு சொல்லுக்கு இத்தனை வருடம் கழித்து மண்ணில் பதில்.

கேள்வி: புதையல் கிடைத்தால் எனக்கா, அரசுக்கா? (பெயர் வேண்டாம் என்கிறார்)

சுருக்கமாக: 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 300 வருடத்துக்கு மேற்பட்ட, பத்து சதவீதமாவது தங்கமோ வெள்ளியோ உள்ள பொருளைக் கண்டெடுத்தால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். விசாரிப்பவர் கரோனர், சந்தேக மரணங்களை விசாரிக்கும் அதே அதிகாரி! இடைக்காலத்தில் ராஜாவுக்குச் சேர வேண்டியதைக் கவனிப்பதும் அவர் வேலையாக இருந்ததால் வந்த பழக்கம். அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டால் பணம் பெரும்பாலும் கண்டெடுத்தவருக்கும் நில உரிமையாளருக்கும் பாதிப் பாதி. 2009இல் கிடைத்த ஸ்டாஃபர்ட்ஷயர் புதையலுக்கு 32 லட்சத்து 85 ஆயிரம் பவுண்டு அப்படித்தான் பிரிந்தது. 2023 முதல், தங்கம் வெள்ளி இல்லாவிட்டாலும், 200 வருடத்துக்கு மேற்பட்ட, மிக முக்கியமான உலோகப் பொருளும் சட்டத்துக்குள் வருகிறது. ஸ்காட்லாந்தில் சட்டமே வேறு. அங்கே புதையல் என்று இல்லை, உரிமையாளர் இல்லாத எந்தப் பழம்பொருளானாலும் தெரிவித்தாக வேண்டும்.

‘பெயர் வேண்டாம்’ என்று நீங்கள் எழுதியது எனக்கு லேசாக வயிற்றைக் கலக்கியது. அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2015இல் ஹெர்ஃபோர்ட்ஷயரில் லெம்ஸ்டர் அருகே இருவருக்கு வைக்கிங் காலப் புதையல் கிடைத்தது. தெரிவிக்காமல் விற்றார்கள். சுமார் 300 காசு இருந்ததாகக் கணக்கு. மீண்டது முப்பது சொச்சம். 2019இல் இருவரும் சிறைக்குப் போனார்கள்.

போனது பணம் மட்டும் என்றால் நான் இவ்வளவு புலம்பமாட்டேன். அதே 2015இல் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர் வாட்லிங்டனில் அதே காலத்துப் புதையலை வேறொருவர் கண்டெடுத்து, உடனே தெரிவித்து, மண்ணோடு கட்டியாகத் தூக்கிப்போக விட்டார். அதில் பத்துக்கு மேற்பட்ட காசுகளில் இரண்டு பேரரசர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சித்திரம். சில காசு வெசெக்ஸ் ராஜா ஆல்ஃபிரட் பெயரில், சில காசு மெர்சியா ராஜா சியோல்வுல்ஃப் பெயரில். குறிப்பேடு இந்த சியோல்வுல்ஃபை ‘புத்தியில்லாத அரச ஊழியன்’ என்று ஒரு வார்த்தையில் ஒதுக்கிவிடுகிறது. எழுதியது ஆல்ஃபிரடின் ஆட்கள். காசைப் பார்த்தால் இருவரும் ஒரே அச்சு வடிவத்தைப் பங்குபோட்டுக்கொண்ட கூட்டாளிகள்! ஆல்ஃபிரடுக்கு வேண்டாதவராகிப் போனபின் பெயரைக் கெடுத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இந்தக் கூட்டணி எத்தனை நாள் நீடித்தது, எங்கெங்கே காசு அடித்தார்கள் என்று சொல்லியிருக்கக்கூடியது லெம்ஸ்டரில் காணாமல்போன அந்த இருநூற்றுச் சொச்சம் காசு. அதை யார் கழுத்தில் பதக்கமாக மாட்டியிருக்கிறார்களோ.

கேள்வி: பெரிய பானையில் காசு புதைத்தவன், எதிரிக்குப் பயந்து புதைத்து, திரும்பி வராமல் செத்திருப்பான். சரிதானே? (சவுத்தாலிலிருந்து ஒரு வாசகர்)

பல புதையலுக்குச் சரியாக இருக்கலாம். எல்லாவற்றுக்கும் இல்லை. 2010இல் சாமர்செட்டில் ஃப்ரூம் அருகே கிடைத்த பானையைப் பாருங்கள். 52,503 ரோமானியக் காசு, 160 கிலோ. கண்டெடுத்தவர் செய்த புண்ணியம், பானையின் வாயைப் பார்த்ததும் தோண்டுவதை நிறுத்தி, மண்ணை மூடி, அலுவலருக்குப் போன் போட்டார். அதனால் தொல்லியலாளர்கள் அடுக்கு அடுக்காக எடுக்க முடிந்தது.

அடுக்கு என்ன சொன்னது தெரியுமா? உண்டியலில் சேர்ப்பது போல வருடா வருடம் போட்டிருந்தால் கடைசிக் காலத்துக் காசு மேலே இருக்க வேண்டும். 286இல் பிரிட்டனைத் தனியாகப் பிரித்து ஆண்ட கராசியஸின் காசுகளில் பெரும்பகுதி பாதிக்கும் கீழே கிடந்தது. ஆகவே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டியிருக்கிறார்கள். பானையோ மெல்லிசு, குழியில் இறக்கிவைத்த பிறகுதான் நிரப்பியிருக்க முடியும், நிரப்பியபின் உடைக்காமல் தூக்க முடியாது. திரும்ப எடுக்க நினைப்பவர் நாலு சின்னப் பானையில் போடுவார். இது ஊர் கூடித் தெய்வத்துக்குக் கொடுத்த காணிக்கையாக இருக்கலாம் என்று ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். எனக்கு இன்னும் இரண்டு மனசுதான். ஆனால் அவசரமாகத் தோண்டி வாளியில் அள்ளியிருந்தால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது.

கேள்வி: உங்கள் பதிவிலேயே தவறு இருந்தால்? (சட்டன் வாசகி)

இருக்கும். என் கையாலேயே ஒன்று நடந்தது. முதல் வருடம், லிங்கன்ஷயர் கடலோர வயலில் கிடைத்த புரோச் ஒன்றைப் பதிந்தேன். வரைபட எண்ணில் கிழக்கு அளவை முதலில், வடக்கு அளவைப் பிறகு எழுத வேண்டும். நான் மாற்றி அடித்துவிட்டேன். புரோச் நேராக நார்ஃபோக் கரைக்கு அப்பால் வட கடலுக்குள் போய் விழுந்தது. கடலுக்குள் விழுந்ததால் கண்டுபிடித்தார்கள். பக்கத்து மாவட்ட வயலில் விழுந்திருந்தால் இன்னும் அங்கேயே கிடக்கும், யாராவது அதை வைத்துக் கட்டுரையும் எழுதியிருப்பார்கள். அன்றிலிருந்து ‘முதலில் நடை, அப்புறம் மாடி’ என்று முணுமுணுத்துக்கொண்டே தட்டுகிறேன். பயன்படுத்துபவர்களும் படத்தையும் விவரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். படத்தில் வேறு, எழுத்தில் வேறு என்றால் எங்களுக்கு எழுதுங்கள், திருத்துவோம்.

கேள்வி: லிங்கனில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் உருளைக்கிழங்கு தோண்டும்போது பச்சையாக ஒரு காசு வந்தது. எலுமிச்சைச் சாறு போட்டுத் தேய்க்கலாமா? இதுவும் ஆராய்ச்சிக்கு உதவுமா? (லிங்கன் வாசகி)

ஐயோ, வேண்டாம் அம்மா! மருந்தாளுநராகச் சொல்கிறேன், அமிலம் அந்தப் பச்சையோடு எழுத்தையும் கரைத்துக்கொண்டு போகும். வெண்கலக் காசில் விவரம் முழுக்க அந்தப் பச்சைத் தோலில்தான் நிற்கிறது.

நீங்கள் அனுப்பிய படம் மங்கல். ஆனாலும் பின்பக்கத்தில் இரண்டு சிப்பாய்கள் நிற்பது போலத் தெரிகிறது. அவர்களுக்கு நடுவில் எத்தனை கொடிக்கம்பம் என்று சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டு என்றால் கி.பி. 330 முதல் 335க்குள். ஒன்று என்றால் அதற்கடுத்த ஐந்தாறு வருடம். கான்ஸ்டன்டைன் குடும்பத்துக் காசு. சிப்பாய்களின் காலடிக் கோட்டுக்குக் கீழே மூன்று எழுத்து இருக்கலாம். ‘டி’, ‘ஆர்’ என்று தொடங்கினால் ஜெர்மனியின் ட்ரியர் நகரில் அடித்தது. சமையலறைத் தராசு போதாது, ஒன்றிரண்டு கிராம்தான் இருக்கும். எங்களிடம் கொண்டுவாருங்கள், நாங்கள் நிறுத்துக்கொள்கிறோம். ஈரத் துணியில் வேண்டாம், உலர்ந்த காகிதத்தில் சுற்றி ஒரு டப்பாவில்.

உதவுமா என்பது காசைவிட உங்கள் தோட்டத்தைப் பொறுத்தது. வீடு கட்டியபோது வெளியிலிருந்து லாரியில் மண் கொண்டுவந்து கொட்டினார்களா? கொட்டியிருந்தால் அந்தக் காசு வேறு எந்த ஊரிலிருந்து வந்ததோ. பக்கத்து வீட்டில் நெடுநாளாக இருப்பவர் யாராவது இருந்தால் கேட்டுவிட்டு வாருங்கள். செவ்வாய்க்கிழமை, பத்து மணிக்கு மேல்.